அம்மா சூப்பைப் பற்றிப் பேசவில்லை

சான் பிரான்சிஸ்கோ
4 மார்ச் 2018

அன்புள்ள டோரீன்,

உறையின் பின்புறம் என் பெயரைப் பார்த்ததுமே கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், முதலில் அதற்கு நன்றி. உன் முகவரியை சைனாடவுனில் உங்கள் லூ குடும்பச் சங்கத்தில் கேட்டு வாங்கினேன். அங்கே மேசையில் இருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தப் படம் எடுத்த ஆளா நீ? முடியெல்லாம் எங்கப்பா போச்சு?" என்றார். போய்விட்டது. முழங்கால் வலியும் வந்துவிட்டது. எனக்கு அறுபத்தாறு, உனக்கு அறுபது. நம்ப முடிகிறதா?

செய்திக்கு வருகிறேன். நம் படம் "மூன்றாம் மாடி" கிடைத்துவிட்டது. தொலைந்தே போய்விட்டது என்று நான் கைகழுவியிருந்த நெகட்டிவ், இழுத்து மூடப்போகிற ஒரு லேபின் கிடங்கில், வேறு ஏதோ படத்தின் பெயர் எழுதிய டப்பாக்களில் இருந்திருக்கிறது. திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்று அதை எடுத்து, ஒவ்வொரு சட்டமாகத் துடைத்துச் சரிசெய்துகொண்டிருக்கிறது. அக்டோபரில் இங்கேயே திரையிடப் போகிறார்கள். ஆறு பேர், ஒரு கடன் வாங்கிய கேமரா, உங்கள் ஜாக்சன் தெரு வீட்டின் சமையலறை, இவ்வளவுதானே நம்மிடம் இருந்தது? அதைப் பாடமாக வைத்துக் கல்லூரிகளில் பேசுகிறார்களாம். சைனாடவுன் ஆட்கள் சைனாடவுனைப் பற்றித் தாங்களே எடுத்த படங்களில் அது முதல் வரிசையில் நிற்குமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நீ வரவேண்டும். கதாநாயகி இல்லாமல் நான் மட்டும் மேடையில் நின்று என்ன செய்ய? உன் அம்மா, ஆன்ட்டி, இருக்கிறார்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இருந்தால் அவர்களையும் அழைத்து வா. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதலில் எழுதுவது அவர்கள் உன்னைத் திட்டுகிற சமையலறைக் காட்சியைத்தான்.

முப்பத்தாறு வருடங்களுக்கு முன் ஒரு வரிகூட எழுதாமல் நீ போனதற்குக் காரணம் கேட்டு இதை எழுதவில்லை. கேட்கிற வயதைத் தாண்டிவிட்டேன். ஆனால் கல்யாணத்துக்குத் தேதி குறித்த ஒருவனுக்கு ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். சொல்லிவிட்டேன், இனி சொல்லமாட்டேன்.

அன்புடன்,
வெர்னன் ஜியூங்


சாக்ரமென்டோ
19 மார்ச் 2018

வெர்னன்,

கடிதம் கிடைத்தது. அம்மா இருக்கிறாள். எண்பத்தெட்டு. என்னோடுதான் இருக்கிறாள். காதும் கண்ணும் என்னுடையதைவிட நன்றாக இருக்கின்றன. அப்பா 1997-இல் போய்விட்டார்.

படம் கிடைத்ததில் மகிழ்ச்சி. நான் வரமாட்டேன். அம்மாவும் வரமாட்டாள். சம்மதக் கையெழுத்து வேண்டுமென்றால் தாளை அனுப்பு, போட்டு அனுப்புகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. சமையலறைக் காட்சியை எடுத்துவிடு. மற்றதை உன் விருப்பம்போல் செய்துகொள்.

டோரீன்


சான் பிரான்சிஸ்கோ
2 ஏப்ரல் 2018

அன்புள்ள டோரீன்,

உன் நான்கு வரியைப் பத்து முறை படித்தேன். அப்பா போன செய்தி எனக்குத் தெரியாது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கேமரா, சாப்பிட்டியா?" என்பார். கடைசிவரை என் பெயரை அவர் சொன்னதே இல்லை.

காட்சியை எடுக்க முடியாது. பிடிவாதத்தில் சொல்லவில்லை. அதை எடுத்தால் வீட்டைவிட்டுப் போக நினைக்கும் பெண் ஏன் படத்தின் கடைசியில் போகாமல் நிற்கிறாள் என்பது யாருக்கும் புரியாது. ஆனால் இன்னொன்று நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்றே எழுதுகிறேன்.

புதிய சப்டைட்டில் எழுதுவதற்குக் காப்பகம் ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறது. வெண்டி மாக், ஓக்லாண்டில் வளர்ந்தவள். உங்கள் வீட்டைப்போலவே அவள் வீட்டிலும் டாய்ஷான் சீனப் பேச்சுதானாம். எனக்கு அந்தப் பேச்சில் சாப்பாட்டுப் பெயர்களும் இரண்டு கெட்ட வார்த்தைகளும் தவிர எதுவும் தெரியாது என்று உனக்குத் தெரியும். என் தாத்தா காலத்திலேயே எங்கள் ஊர் ஃப்ரெஸ்னோவில் அது செத்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நானும் அவளும் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டு வந்தோம். சமையலறைக் காட்சி வந்தது. நீ எழுதிக் கொடுத்த வரிகள் கீழே ஓடின: "போ, போ! நீ வைத்த சூப் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. அதைக் குடித்துவிட்டு எவன் உன்னைக் கட்டிக்கொள்வான்?" நான் வழக்கம்போலச் சிரித்தேன். வெண்டி சிரிக்கவில்லை. படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத யாரு மொழிபெயர்த்தது?" என்றாள்.

"அந்தப் பொண்ணே. அவங்க மகதான்."

"அவங்க சூப்பப் பத்திப் பேசவே இல்ல சார். சூப்புங்கிற வார்த்தையே அதுல இல்ல."

"அப்ப என்ன சொல்றாங்க?"

"நான் சொல்லமாட்டேன். அவங்க மகளயே கேளுங்க. அவங்க சரின்னு சொல்லாம நான் ஒரு எழுத்து எழுதமாட்டேன்."

அவளுக்கு இருபத்தெட்டு வயது. என்னை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வேறு யாரிடமாவது போட்டுக் காட்டி அர்த்தம் தெரிந்துகொள்ள எனக்கு அரை மணி நேரம் போதும். செய்யவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

ஆன்ட்டி அன்று என்ன சொன்னார்கள், டோரீன்?

வெர்னன்


சாக்ரமென்டோ
20 ஏப்ரல் 2018

வெர்னனுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இந்த முறை நிறுத்தாமல் எழுதி, திரும்பப் படிக்காமல் தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன். அம்மாவாக நடிக்க வேண்டிய அம்மாள் வரவில்லை. வெளிச்சம் போகிறது என்று நீ பதறினாய். "உங்கம்மாவ அடுப்புகிட்ட நிக்கச் சொல்லு, சும்மா லைட் பாத்துக்கறேன்" என்றாய். அம்மா உண்மையாகவே சமைத்துக்கொண்டிருந்தாள். தையல் கம்பெனிக்கு மதிய ஷிஃப்ட் போக வேண்டும், அதற்கு முன்னால் அப்பாவுக்குச் சமைத்து வைக்க வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. நீ கேமராவை ஓட்டிவிட்டு, என் வசனத்தைச் சொல்லச் சொன்னாய். நான் டாய்ஷான் பேச்சில் சொன்னேன்: "அம்மா, நான் இந்த வீட்ட விட்டுப் போகப்போறேன். தனியா இருக்கப்போறேன்."

அது வசனம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அவள் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"போ. நீயாவது சொல்லிட்டுப் போற. நான் சௌ-யிங்க சொல்லாமத்தான விட்டுட்டு வந்தேன்? சந்தைக்குப் போயிட்டு வரேன்னு சொன்னேன். ஏழு வயசு அவளுக்கு. பதினோரு வயசுல பட்டினியில செத்தா. அம்மா இன்னும் சந்தையில இருந்து வரலியேன்னு நெனச்சுக்கிட்டேதான் செத்திருப்பா. போ, நீயும் போ."

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

சௌ-யிங் என் அக்கா. எனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதை அந்த நிமிடம்தான் முதல்முறையாகக் கேட்டேன். இருபத்து மூன்று வயதில், உன் கேமராவுக்கு முன்னால், ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

மீதியை அன்று இரவு அப்பா சொன்னார். உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். நாங்கள் லூ இல்லை, வெர்னன். எங்கள் உண்மையான குடும்பப் பெயர் சென். அப்பா இங்கே வந்ததே இன்னொருவருடைய மகன் என்று எழுதிய பொய்ப் பேப்பரில். சீனர்களை உள்ளே விடாத அந்தக் காலத்துச் சட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு வேறு வழி இல்லை. 1948-இல் ஊருக்குப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டார். மறு வருடம் திரும்பி வந்தபோது, குழந்தை உண்டா என்று துறைமுகத்தில் கேட்டார்கள். அம்மா கர்ப்பமாக இருந்தாள். எல்லோரும் சொல்வதைப்போல இவரும் "ஒரு மகன்" என்று சொல்லிவிட்டார். மகன் என்று பதிந்துவைத்தால், பின்னால் அந்த இடத்தில் சொந்தத்தில் ஒரு பையனை வரவழைக்கலாம். அப்படியே சித்தப்பா மகன் வந்தும் சேர்ந்தார். ஆனால் பிறந்ததோ பெண்.

1956-இல் அம்மாவுக்கு வர வழி கிடைத்தது. ஹாங்காங்கில் அமெரிக்க அதிகாரி நாள்கணக்கில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம், எத்தனை பிள்ளைகள்? ஒரே பிள்ளை, மகன், ஏற்கெனவே அமெரிக்காவில் இருக்கிறான் என்று அம்மா சொல்ல வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மகள் நின்றால் அப்பா, சித்தப்பா மகன் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அதனால் சௌ-யிங்கை ஊரில் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். சௌ-யிங் போன அதே பஞ்சத்தில்தான் அத்தையும் போனாளாம்.

இப்போது என் பங்கு. அம்மா சொல்லி முடித்ததும் நீ "கட்" சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "அற்புதம்! என்ன சொன்னாங்க?" ஆறு பேரும் என் வாயைப் பார்த்தீர்கள். அப்பாவின் பேப்பரைப் பற்றி எனக்கு அரைகுறையாகத் தெரியும். வெளியே ஒரு வார்த்தை போகக்கூடாது என்று பயமுறுத்தித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். பட்டியலில் இல்லாத ஒரு மகளின் பெயர் திரையில் எழுத்தாக வந்தால் என்ன ஆகும்? அம்மா கையில் கரண்டி இருந்தது. "என் சூப் நல்லா இல்லன்னு திட்டுறா" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நீ நம்பிவிட்டாய் என்று எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் நீ எழுதிக் கேட்டபோது அதையே இன்னும் கொஞ்சம் அலங்கரித்துக் கொடுத்தேன்.

படத்தின் முதல் திரையிடலுக்கு அம்மாவை நீதான் அழைத்தாய். நான் எவ்வளவோ தடுத்தேன். காய்ச்சல் என்றேன், டிக்கெட் இல்லை என்றேன். தையல் கம்பெனியில் கூட வேலை செய்யும் காம் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவளாகவே வந்து நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அரங்கத்தில் முந்நூறு பேர், அநேகமாக எல்லோரும் உன்னைப்போலப் பேச்சை மறந்த பிள்ளைகள். அவள் குரல் திரையில் வந்தது. சௌ-யிங்கின் பெயர் வந்தது. பட்டினியில் செத்தாள் என்பது வந்தது. முந்நூறு பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். படம் முடிகிறவரை நிமிரவே இல்லை. மறுநாள் தையல் கம்பெனிக்குப் போகவில்லை. அதற்கு அப்புறம் போகவே இல்லை. கடைத்தெருவுக்குப் போனால் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். அந்த வருடமே சாக்ரமென்டோவுக்குக் குடிவந்துவிட்டோம். ஏன் சிரித்தார்கள் என்று என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன்னை விட்டு ஏன் போனேன் என்று இப்போது தெரிந்திருக்கும். சிரித்த முந்நூறு பேரில் உன் சத்தம்தான் எனக்குத் தனியாகக் கேட்டது. தப்பு என்னுடையது என்று தெரிந்தும் உன் முகத்தை அப்புறம் என்னால் பார்க்க முடியவில்லை.

காட்சியை எடுத்துவிடு.

டோரீன்


சான் பிரான்சிஸ்கோ
1 மே 2018

அன்புள்ள டோரீன்,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நான்கு நாள் ஸ்டாக்டன் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். சுரங்க ரயிலுக்கென்று ஆறு வருடமாகத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். ஜாக்சன் தெருவில் உங்கள் பழைய வீட்டின் கீழே இருந்த கோழிக்கடை இப்போது செல்போன் கடை. மூன்றாம் மாடி ஜன்னலில் யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள்.

நீ மட்டும் பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். என் பங்கையும் கேள். எடிட் பண்ணும்போது அந்த இடத்தில் ஆன்ட்டி திரும்பியதற்கு அப்புறம் மூன்று வினாடி சும்மா விட்டேன். எதற்குத் தெரியுமா? சிரிப்பதற்கு நேரம் வேண்டுமே என்று. சிரிப்பு அடங்கியதும் அடுத்த காட்சி வருகிற மாதிரி அளந்து வெட்டினேன். நான் எடுத்ததிலேயே கச்சிதமான வெட்டு அது என்று எத்தனை கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! ஆன்ட்டியிடம் சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கியதும் நான்தான். ஆங்கிலத் தாள். "இங்க போடுங்க ஆன்ட்டி" என்று விரலை வைத்துக் காட்டினேன். போட்டார்கள்.

இன்னொன்று. 1983-இல் வான்கூவரில் படம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு வயதான மனிதர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். கண் கலங்கியிருந்தது. பாராட்டுகிறார் என்று நினைத்துப் பல்லைக் காட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன். அவருக்குப் புரிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். இப்போது அந்த முகம் என்னைத் தூங்கவிடமாட்டேன் என்கிறது.

நீ சொன்னபடி காட்சியை எடுக்கத் தயார். எடுத்தால் படம் நொண்டும். நொண்டட்டும். ஆனால் டோரீன், அதை நீயும் நானும் முடிவு செய்வதா? முப்பத்தாறு வருடங்களுக்கு முன்னாலும் நாம் இருவர்தான் முடிவு செய்தோம். அப்பா இல்லை. சித்தப்பா மகன் இருந்தாலும் கிழவர், இனி அவரை யார் என்ன செய்வார்கள்? பேசியது ஆன்ட்டி. இழந்ததும் அவர்கள்தான். அவர்களைக் கேள். அவர்கள் எடு என்றால் எடுக்கிறேன், எரி என்றால் எரிக்கிறேன்.

கேட்க வேண்டுமென்றால் முதலில் சொல்ல வேண்டும். அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேண்டுமென்றால் நான் வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.

வெர்னன்

பி.கு. கல்யாணத் தேதியைப் பற்றி முதல் கடிதத்தில் எழுதியதை அடித்துவிடு.


சாக்ரமென்டோ
11 ஜூன் 2018

அன்புள்ள வெர்னன்,

சொல்லிவிட்டேன். நீ வந்து உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

போன மாதம் கடைசி ஞாயிறு. இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். ஆரம்பித்தேன்.

"அம்மா, அந்தப் படம் ஞாபகம் இருக்கா?"

"எந்தப் படம்?" என்றாள். கை மட்டும் நின்றுவிட்டது.

"அன்னைக்கு அவங்க எதுக்குச் சிரிச்சாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"மனுசங்க. அவ்வளவுதான். விடு."

"அவங்களுக்கு நீ பேசினது புரியலம்மா. கீழ எழுத்து ஓடுச்சில்ல, அதப் படிச்சுத்தான் சிரிச்சாங்க. அதுல சௌ-யிங் பேரே இல்ல. நான் மாத்தி எழுதிக் குடுத்தேன்."

"என்னன்னு?"

"நான் வெச்ச சூப்பு நல்லா இல்லன்னு நீ திட்டுற மாதிரி."

உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டாள். அப்புறம் சிரித்தாள், வெர்னன். உண்மையாகவே சிரித்தாள். "சூப்பா? அது சரிதான். உன் சூப்பு அப்படித்தான இருக்கும்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஆகா, இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டாள். எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் வெளியே வந்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"முந்நூறு பேரு. முப்பத்தாறு வருசமா அந்த முந்நூறு பேரையும் திட்டிக்கிட்டிருந்தேன். ஒருத்தரு முகத்தையும் பாக்கக்கூடாதுன்னு வேலைய விட்டேன். அந்தத் தெருவையே விட்டேன். பாவம், அவங்க ஒண்ணும் பண்ணல. பண்ணினது என் வீட்டுக்குள்ளயே எனக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்திருக்கு."

"அப்பாவோட பேப்பருக்காகத்தாம்மா..."

"அப்பா செத்து இருபத்தோரு வருசமாச்சு. பேப்பரு அப்பவே செத்துப்போச்சு. அதுக்கப்புறம் யாருக்குப் பயந்த?"

"உனக்குத்தான்."

"எனக்கா! நான் உன்ன அடிச்சிருப்பேனா? ஒரு வார்த்த. 'அம்மா, அவங்க உன் புள்ளையப் பாத்துச் சிரிக்கல'ன்னு ஒரே ஒரு வார்த்த. அத மறுநாள் காலையில சொல்லியிருந்தா நான் கம்பெனிக்குப் போயிருப்பேன். எனக்கு அங்க சினேகிதிங்க இருந்தாங்கடி. இருபது வருச சினேகிதிங்க."

அவளுக்கு நான் சமைத்தேன், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன், கல்யாணம் செய்துகொள்ளாமல் கூடவே இருந்தேன். பிராயச்சித்தம் என்று நினைத்து இத்தனையும் செய்தேன். அவள் கேட்டது ஒரு வார்த்தை. அதைத் தவிர மற்றதெல்லாம் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காம் அக்காவுக்கு அவளே போன் செய்தாள். அக்கா இன்னும் சைனாடவுனில் முதியோர் குடியிருப்பில்தான் இருக்கிறாள். அவள் மகள் வண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டாள். "எப்ப வருவ?" என்று கேட்டேன். "உன்கிட்ட சந்தைக்குப் போறேன்னு பொய் சொல்லமாட்டேன். தெரியல" என்றாள்.

உனக்கு அவள் சொல்லச் சொன்னது இது. காட்சியை எடுக்கக்கூடாது. உண்மையான வார்த்தையைப் போட வேண்டும். சௌ-யிங்கின் பெயரையும் வயதையும் தப்பில்லாமல் போட வேண்டும். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். தெரிஞ்சு சிரிக்கட்டும்" என்றாள். அக்டோபர் காட்சிக்கு அவள் வருவாள். நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கை கொடு. குளிர் ஆகாது, ஒரு சால்வை வைத்திரு. அவள் பக்கத்தில் நீ உட்கார்.

டோரீன்


சான் பிரான்சிஸ்கோ
14 அக்டோபர் 2018

அன்புள்ள டோரீன்,

நேற்று மதியக் காட்சி. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. காலையில் எழுதுகிறேன்.

ஆன்ட்டி நீல நிறச் சட்டையும் முத்துத் தோடுமாக வந்தார்கள். என்னைப் பார்த்ததும், "கேமராவுக்கு இவ்வளவு வயசாயிடுச்சா!" என்றார்கள். வெண்டிதான் எனக்கு எடுத்துச் சொன்னாள். ஒரு பக்கம் காம் அக்கா, மறு பக்கம் நான், எனக்குப் பின்னால் வெண்டி. சம்மதத் தாளை இந்த முறை சீன எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். லூ என்று போடவில்லை. சென் என்று போட்டார்கள்.

படம் ஓடியது. நாற்பது நிமிடம் அவர்கள் அசையவில்லை. சமையலறை வந்தது. நீ உன் வசனத்தைச் சொன்னாய். அவர்கள் பேசினார்கள். கீழே வெண்டி எழுதிய வார்த்தைகள் ஓடின. யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்புக்கென்று விட்டுவைத்த மூன்று வினாடியும் அப்படியே நின்றது. பின்னால் யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். நான் ஆன்ட்டியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் முன்னால் சாய்ந்து, திரையில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டதற்கு அப்புறம் கேமரா உன்மேல் இருக்கிறது. அந்த மூன்று வினாடியும் திகைத்துப்போன முகத்தோடு நீதான் இருக்கிறாய். அன்றைய முதல் திரையிடலில் தலையைக் குனிந்துகொண்டதால் அதை அவர்கள் பார்த்ததே இல்லை. வீட்டில் படம் எடுத்த அன்றைக்கும் முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தார்கள்.

அடுத்த காட்சி வந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வெண்டி குனிந்தாள்.

"அவளுக்கு அப்பத்தான் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

எதைக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஆமாம் என்றேன். உங்கள் வாயிலிருந்துதான் முதல்முறையாகக் கேட்டாள், அதற்கு முன்னால் அக்கா என்ற ஒன்றே அவளுக்குத் தெரியாது என்றேன்.

"அவங்கப்பா முன்னாடியே சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்" என்றார்கள். "இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் கல்லு மாதிரி இருக்கான்னுல்ல நெனச்சேன்."

அதற்கப்புறம் படத்தைப் பார்க்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மேடைக்குக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்கள். கூட்டம் போகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த ஒரு இடத்தை மட்டும் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள். ஆபரேட்டர் நல்ல மனிதர், போட்டார். இரண்டு முறை. தன் குரல் வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். நீ வந்ததும் திறந்தார்கள்.

"பாரு" என்று காம் அக்காவிடம் சொன்னார்கள். "அந்தப் புள்ளைய அப்படியே நிக்க வெச்சிட்டு, நான் பாட்டுக்குச் சமையலப் பாக்கத் திரும்பிட்டேனே."

காம் அக்கா அவர்கள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வெளியே வண்டிக்காக நின்றபோது சாக்ரமென்டோவுக்குச் சனிக்கிழமை எத்தனை மணிக்கு ரயில் என்று வெண்டியிடம் கேட்டார்கள். வெண்டி செல்போனில் பார்த்துச் சொன்னாள். சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, பர்சில் வைத்துக்கொண்டார்கள். போகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ரயில் உங்கள் ஊருக்குப் பன்னிரண்டு நாற்பதுக்கு வருகிறது.

வெர்னன்